முப்பத்தாறும் முப்பத்தெட்டும்

அரிப்புக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறி மன்னார் டவுனுக்கு வேலைக்குப் போகிறவள் அன்ரோனெற். இரும்புக் கதவு, கேற் செய்யும் பட்டறையொன்றில் கொம்பியூட்டரில் படம் கீறுவது அவள் வேலை. புருஷன் யேசுதாசன் கடற்தொழிலாளி. சீனி வருத்தத்தால் ஆறாமல் போன புண், அவனுடைய வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவைத்தது. இலவச முகாமொன்றில் கிடைத்த செயற்கைக் கால் ஒரு வருஷம் தாங்கியது. பிறகு அதன் பாதம் பிளந்துவிட்டது. முகாம்காரர் திரும்பி வரவேயில்லை.

கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியொன்றில் பழைய செயற்கைப் பாதமொன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டு, பங்குச் சுவாமியாரிடம் கேட்டு வாங்கி வந்தாள். அது யேசுதாசனின் செயற்கைக் காலோடு பூட்டுப்படவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரங்களில் காலையும் பாதத்தையும் வெவ்வேறு நாளில் அளந்து கீறி, திரையில் ஒன்றுசேர்த்தாள்.

தட்டையான முகங்கள் இரண்டும் ஒட்டவேண்டும் என்று கட்டளை கொடுத்தாள், ஒட்டின. முதல் ஆணித்துளைகள் நேருக்கு நேர் வந்தன. இரண்டாவது துளையை நேராக்கியதும் எல்லாம் சிவப்பாயிற்று. கட்டளைகள் ஒன்றுக்கொன்று முரண் என்றது திரை. பிழை தன் கையில்தான் என்று நம்பினாள். நாலு நாளாகக் கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள், அழித்துப் புதிதாகக் கொடுத்தாள். ஒன்றை விட்டால் மற்றது நின்றது. சேர்ந்து நிற்க மறுத்தன. ஐந்தாம் நாள்தான் இரண்டு படத்தின் அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். காலில் துளைக்குத் துளை முப்பத்தாறு மில்லிமீற்றர். பாதத்தில் முப்பத்தெட்டு. படத்தில் பிழையே இல்லை. பொருள்கள்தான் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்பட்டவை அல்ல.

இடையில் வைக்க ஒரு தகடு கீறினாள். அதில் காலுக்கு முப்பத்தாறில் இரண்டு துளையும் பாதத்துக்கு முப்பத்தெட்டில் இரண்டு துளையும் ஒன்றோடொன்று முட்டாமல் திருப்பி வைத்து, தகட்டின் தடிப்பளவுக்குக் காலின் குழாயைக் குறைத்தாள். சிவப்பு மறைந்தது. மன்னாருக்குப் பக்கத்தில், தாராபுரத்தில் லேத் வைத்திருக்கும் ஆதம்பாவா தகட்டை வெட்டி, குழாயையும் குறைத்துக் கொடுத்தார். ஆணிகள் நாலும் தடையில்லாமல் இறங்கின.

போட்டுப் பார்க்கலாமென்று அவள் யேசுதாசனின் காலுறையைக் கழற்றியபோது கெட்ட மணம் அடித்தது. வெட்டிய காலின் நுனி கறுத்திருந்தது.

"எத்தினை நாளாய் இப்பிடி இருக்கு?"

"ஒரு மாசமிருக்கும்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீ அளந்துகொண்டிருந்தனி," என்றான். "எப்பிடிச் சொல்லுறது?"

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் நெடுநேரம் பார்க்கவில்லை. இந்த முறை முழங்காலுக்கு மேலே எடுக்கவேண்டும், பிந்தினால் உயிருக்கும் உத்தரவாதமில்லை என்றார். கையெழுத்துப் போட்டவள் அன்ரோனெற்தான். அந்தக் காலும் பாதமும் தகடும் இனி அவனுக்கு உதவாது என்பது அவளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. முழங்கால் மூட்டையும் சேர்த்துச் செய்வது அவள் கைக்கு அப்பாற்பட்டது.

ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்றாம் கிழமை, யேசுதாசனின் தம்பி தான் தொழிலுக்குப் போகவென்று அண்ணனின் வள்ளத்தைத் தன் பக்கத்துக்கு இழுத்துப் போனான். யேசுதாசன் அதைப் பார்க்கவில்லை. வேலைக்குப் புறப்பட்டு நின்றவளிடம், "அன்ரோ, இனி எனக்கெண்டு ஒண்டும் கீறாதை," என்றான்.

அவள் ஓமென்றாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தான்.