ஆரஞ்சுத் தொட்டியில் அப்பா

அப்பா செத்துப் பல மாதங்கள் ஆகியும் அவர் முகம் எங்கள் செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரோடு குடிக்கிற கூட்டாளிகள் காசு போட்டு அடித்த பேனர். மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே ரோஜாப்பூ, நடுவில் கோட்டு சூட்டோடு அப்பா. செம்பனைக் குலை வெட்டிய மனுஷன் என்றைக்குக் கோட்டுப் போட்டார்? ஐசி அடையாள அட்டையில் இருந்த முகத்தை எடுத்து, ஸ்டூடியோக்காரர் எவனோ ஒருவனுடைய உடம்பில் ஒட்டியிருந்தார்.

அம்மா சுங்கை காடுட் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பாள்.

"உசுரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் எனக்காக வாசல்ல நின்னிருப்பானா? இப்ப நிக்கிறான் பாரு, கோட்டு மாட்டிக்கிட்டு!"

சொல்லிவிட்டு உள்ளே போய் உலை வைப்பாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவளுடைய இடது காது சரியாகக் கேட்காது. அது அப்பா கொடுத்தது. ஆனால் என்மேல் அவர் ஒரு நாளும் கை வைத்ததில்லை. மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குக் கூட்டிப்போய் அவித்த சோளம் வாங்கித் தருவார். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை அம்மாவிடம் சொல்ல முடியுமா? விளக்குமாறு பிய்ந்துவிடும்.

அந்த முகம் மிச்சமிருந்தது அந்த பேனரில் மட்டும்தான். கல்யாண ஆல்பத்தைக் குடிவெறியில் அவரே கொளுத்திவிட்டார். கைப்பேசி, அவரும் மோட்டாரும் விழுந்த கால்வாயிலேயே போய்விட்டது. சாவைப் பதியப் போன இடத்தில் ஐசியை வாங்கிக்கொண்டார்கள். அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் நான் வாசலுக்குத்தான் போக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளியில் மறுசுழற்சி வாரம் வந்து தொலைந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. இனி யாரும் நெகிழிப் பை தூக்கி வரக்கூடாது, பழைய பேனரில் பை தைத்து எடுத்து வரவேண்டும் என்றார் வகுப்பு டீச்சர். "எதையும் வீணாக்கக் கூடாது. பை இல்லாதவங்க வெளிய நிக்கணும்." தோட்டத்தில் பழைய பேனருக்கு எங்கே போவது? தேர்தல் பேனர், திருவிழா பேனர் எல்லாம் என்றைக்கோ கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிட்டன. ஒரு தகரத் துண்டைக்கூடத் தூக்கிப் போடாத சனத்துக்கு மறுசுழற்சி சொல்லிக்கொடுக்க வந்தார்கள், பாவம்.

அழுதுகொண்டே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வாசலைப் பார்த்தாள். அப்பா செத்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஒங்கப்பன் ஒன் படிப்புக்கு ஒரு பென்சில் வாங்கிக் குடுத்ததில்ல. இப்பயாச்சும் ஒதவட்டும்."

"மொகம் வேணாம்மா. ரோஜாப்பூ பக்கமா வெட்டுமா."

"அந்தப் பக்கம் வெயில்ல வெடிச்சுப்போச்சுடி. நடுவுலதான் கெட்டியா இருக்கு."

நாற்காலி போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தாள். கோட்டுத் தோள்பட்டையோடு சேர்த்து வெட்டினாள். கோணி ஊசியில் நைலான் நூலைக் கோத்துத் தைத்தாள். என் அழுகை ஓயாததால், போனால் போகிறது என்று முகத்தை உள்பக்கமாகத் திருப்பிவிட்டாள். வெளியே வெறும் வெள்ளை. திறந்தால் உள்ளே அப்பா. மறுநாள் அதை மாட்டிக்கொண்டு நடந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டீச்சர் ஒவ்வொரு பையாக வாங்கிப் பார்த்தார். "அட, வெள்ளையா அழகா இருக்கே. தையல் எப்படின்னு பாப்போம்" என்று என் பையை உள்வெளியாகத் திருப்பினார்.

"ஐயையோ!"

பை தரையில் விழுந்தது. வகுப்பே எழுந்து எட்டிப் பார்த்தது. "டேய், அவங்க அப்பாடா!" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. டீச்சர் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"செத்தவங்க படத்தையா பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டு வருவ? கொண்டுபோய்த் தொட்டில போடு."

வீணாக்கக் கூடாது என்றவர்தான். ஊருக்குத்தான் உபதேசம். வெளியே ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் மூன்று மறுசுழற்சித் தொட்டிகள் இருந்தன. கண்ணீரில் எது எதுவென்று தெரியாமல் நான் நீலத் தொட்டிப் பக்கம் போனேன்.

"டீச்சர்! தாள் தொட்டில போடுறா டீச்சர்!"

டீச்சர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "பேனர் எதுல செய்றாங்க?"

"நெகிழி டீச்சர்!"

"அப்ப எந்தத் தொட்டி?"

"ஆரஞ்சு டீச்சர்!"

"கெட்டிக்காரங்க."

அப்பாவை ஆரஞ்சுத் தொட்டியில் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வகுப்பில் ஒருத்தரையும் எனக்கு இன்றுவரை பிடிக்காது. நீலாய் டவுனில் எங்காவது எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மத்தியானம் என்னைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விறுவிறுவென்று போய், தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுப் பையை வெளியே இழுத்தாள். டீச்சர் ஓடிவந்தார்.

"அம்மா, செத்தவங்க மொகம்மா அது. புள்ளைங்க பயப்படுதுங்க."

"உசுரோட இருந்தப்பவே நாங்க பயந்து முடிச்சிட்டோம் டீச்சர். வீணாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நல்ல பை லா இது, சொட்டுத் தண்ணி ஒழுகாது."

வீடு போய்ச் சேரும்வரை அம்மாவுடைய மோட்டாரின் பின்னால் நான் அந்தப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் அம்மா அப்பாவை மீட்டுக் கொடுத்தாள் என்று நினைத்தேன். கிறுக்கச்சி நான்.

ஞாயிற்றுக்கிழமை பையைக் காணவில்லை. அம்மா அதை ராசா டவுன் பக்கம் பாசாருக்கு எடுத்துப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது உள்ளே மீனும் ஐஸ் தண்ணீரும். அப்பாவின் நெற்றியில் செதில் ஒட்டியிருந்தது. மீனைக் கொட்டிவிட்டு, பையைத் திருப்பிச் சிமெண்டுத் தரையில் போட்டு, பிளீச் ஊற்றி, சட்டி தேய்க்கிற கம்பியால் தேய்த்தாள். அதன் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் மீன் பை. முதலில் மீசை போனது. பிறகு உதடு. தாடை எப்போது போனதென்று நான் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிறு அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"மா, மெதுவா தேய்மா. கண்ணு மட்டுந்தாம்மா மிச்சம் இருக்கு."

அம்மா கம்பியை நிறுத்தவில்லை.

"நான் அழுது கேட்டப்ப ஒங்கப்பன் மெதுவாவாடி அடிச்சான்?"