அக்கா கேட்காத கேள்வி

"மேடம், நான் பேசுதது கேக்குதா?"

அக்கா என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. கணினித் திரையில் வரிசையாகத் தெரிந்த சிறிய கட்டங்களில் ஒன்றில், நீல நிறப் புடவையும் அதன்மேல் வெள்ளைக் கோட்டுமாக அவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் தடித்த கதவு ஒன்று பாதி திறந்து கிடந்தது. காது பரிசோதனை செய்வதற்கான, வெளிச்சத்தம் புகாத அறை அது. கதவை முழுதாகச் சாத்தினால் அலைபேசியில் சிக்னல் போய்விடும், முழுதாகத் திறந்தால் ஆஸ்பத்திரியின் இரைச்சல் வந்துவிடும். அதனால் நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு, உடம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அவர் வகுப்பைக் கேட்டார். மூன்றாண்டுப் படிப்பையும் அந்த வாசலில் உட்கார்ந்தே முடித்தார்.

நான் நாசரேத்தில் பிறந்தவள். கோயம்புத்தூருக்கு வந்து, செவித்திறன் பற்றிய பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். டிப்ளமோ முடித்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வேலையை விடாமலே பட்டம் வாங்க, இணையவழிப் படிப்பு ஒன்றை எங்கள் கல்லூரி தொடங்கியபோது அதில் ஒரு பொறுப்பு எனக்கு வந்தது. எக்ஸ்ரே எடுப்பவர்கள், டயாலிசிஸ் இயந்திரத்தைக் கவனிப்பவர்கள், ரத்தம் பரிசோதிப்பவர்கள் என்று பலர் சேர்ந்தார்கள். காது பரிசோதனைப் பிரிவில் சேர்ந்த சிலரில் தூத்துக்குடிக்காரர் இவர் ஒருவர்தான். என்னைவிடப் பல வயது மூத்தவர். அவர் என்னை மேடம் என்றும் நான் அவரை அக்கா என்றும் கூப்பிடுவது முதல் வாரத்திலேயே வழக்கமாகிவிட்டது. எங்கள் பக்கத்துப் பேச்சைத் திரையில் கேட்கும்போதெல்லாம் ஊருக்குப் போய்வந்தது போல இருக்கும்.

இந்த வயதில் ஏன் படிக்க வந்தீர்கள் என்று எல்லோரிடமும் கேட்பது போல அவரிடமும் கேட்டேன். மற்றவர்கள் பதவி உயர்வு என்றார்கள், வெளிநாடு என்றார்கள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோடு போடத் தெரியும் மேடம். அந்தக் கோடு ஏன் அங்கன போயி விழுதுன்னு தெரியல. அது தெரியணும்" என்றார். காதுக்குள் சத்தத்தை விட்டு, கேட்டதா இல்லையா என்று குறித்து, புள்ளிகளைக் கோடாக இணைத்து டாக்டரிடம் கொடுப்பதுதான் அதுவரை அவர் வேலை. உட்செவியின் படத்தை வகுப்பில் முதன்முறை காட்டிய நாளில், நத்தைக்கூடு போலச் சுருண்டிருந்த அந்த எலும்பை அவர் திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தார். "ஏயம்மா, சங்கு மாதிரியில்லா இருக்கு!" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. அவர் தூத்துக்குடியின் கடலோரப் பகுதியான திரேஸ்புரத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் சங்கு குளிப்பவர். படகில் உள்ள இயந்திரத்திலிருந்து காற்று வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு, கடலடியில் மணலைத் துழாவிச் சங்கெடுக்கும் தொழில். அழுத்தம் முதலில் காதைத்தான் அடிக்கும். குளியாளிகள் என்று அழைக்கப்படும் அந்த ஆட்களில் ஒருவர் ஒருநாள் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கியபோது, பின்னால் வந்த விசைப்படகின் சத்தம் அவருக்குக் கேட்கவேயில்லை. தோள் எலும்பு முறிந்ததோடு உயிர் தப்பினார். கடைசி ஆண்டு ஆய்வுக்கு என்ன எடுக்கிறீர்கள் என்று நான் கேட்டபோது, "குளியாளிக காது" என்று அக்கா உடனே சொன்னது அதனால்தான்.

ஆனால் ஒரு குளியாளியும் வரவில்லை. காது சரியில்லை என்று தெரிந்தால் படகு முதலாளி ஏற்றமாட்டார் என்ற பயம். பெயர் எழுதமாட்டோம், யாரிடமும் சொல்லமாட்டோம் என்று அக்கா வீடுவீடாகப் போய்ச் சொன்னார். அவர்கள் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "மொதல்ல ஒம் புருசன உக்கார வையி, பொறவு எங்கள்ட்ட வா."

அதற்கு முந்தைய பருவத்தில்தான் ஒப்புதல், ரகசியம் காத்தல் பற்றிய பாடத்தை நடத்தியிருந்தேன். வேலை பார்ப்பவர்களுக்கு அது சலிப்பான பாடம். பலர் காமிராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். குளியாளிகளின் பதிலைக் கேட்ட மறுநாள் அக்கா என்னைப் போனில் கூப்பிட்டார். "மேடம், அவுக காத நான் பாக்கக்கூடாதுல்லா? நான் பொண்டாட்டி. நான் பாத்தா, கேக்காததும் கேட்டதா எழுதிருவேன். இங்கன வேற ஆளும் கிடையாது. நீங்க ஒருக்கா வந்து பாப்பியளா? முடிவ எங்கிட்ட காட்ட வேண்டாம். ஆய்வுலயும் சேக்க வேண்டாம்."

தூத்துக்குடிக்குப் போனேன். திரையில் முகமாகவே பார்த்துப் பழகிய அக்கா நேரில் நல்ல உயரமாக இருந்தார். அவர் கணவர் சலவைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் தடவி வாரி, ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் புறப்பட்டவர் போல வந்திருந்தார். அக்கா கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே போனார்.

சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். வலது காதில் ஒழுங்காக அழுத்தினார். இடது காதுக்கு மாற்றினேன். ஒலியைக் கூட்டினேன். அவர் எங்களுக்கு நடுவே இருந்த கண்ணாடித் தடுப்பு வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கூட்டினேன். பொத்தான்மேல் விரல் அப்படியே இருந்தது. கேட்பதற்காக அந்த மனிதர் முகம் முழுவதையும் கூர்மையாக்கி வைத்திருந்ததும், கழுத்து நரம்பு புடைத்து நின்றதும் இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. இடது காது முழுவதுமாகப் போயிருந்தது.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். இனியும் ஆழத்துக்குப் போனால் மற்றக் காதும் போகலாம் என்றும் சொன்னேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசைமேல் வைத்தார். "அவட்ட சொல்லிராதீங்க டீச்சர்" என்றார். "காது போச்சுன்னா என்னைய கடலுக்கு விடமாட்டா. கரையில இருந்து நான் என்ன செய்ய?"

வெளியே வந்தேன். அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவரருகே போனேன். அவர் என் முகத்தைக்கூடப் படிக்க முயலவில்லை. "மிஷின் ஒழுங்கா ஓடிச்சா மேடம்? வாங்க, சாப்பிடப் போலாம். சீலா மீன் வாங்கி வச்சிருக்கேன்" என்றார்.

கணவர் கரைக்குப் போய்த் தன் ஆட்களிடம், "ஊசி கிடையாது, மருந்து கிடையாது. அந்த டீச்சரு எம் பொஞ்சாதிக்கே சொல்லல, பொறவென்ன? போங்கலே" என்றாராம். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து குளியாளிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆஸ்பத்திரி அந்த நாளில் அறையைத் திறந்துகொடுத்தது. அக்கா ஒவ்வொருவருக்கும் கோட்டைக் காட்டி, அது ஏன் அங்கே விழுகிறது என்று அவர்கள் பேச்சிலேயே விளக்கினார். எனக்கோ ஒவ்வொரு வாரமும் பயம்தான். அவர் கணவர் இன்னும் கடலடிக்குப் போய்க்கொண்டிருந்தார். வாயைத் திறக்க எனக்கு உரிமையில்லை. வகுப்பில் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்குக் கேட்டுவிடுவார் என்று நினைப்பேன். கணவருக்குக் காய்ச்சல் வந்த அன்றும் அவர் கேட்கவில்லை, கடல் கொந்தளித்துப் படகு தாமதமாகத் திரும்பிய மறுநாளும் கேட்கவில்லை. நான் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொன்ன ஒரு விதியை ஒருவர் தன் சொந்த வீட்டுக்குள் இப்படி நடத்திக்காட்டுவார் என்று நான் எண்ணிப் பார்த்ததேயில்லை.

வாய்மொழித் தேர்வும் இணையவழியில்தான் நடந்தது. அன்று அக்கா வீட்டிலிருந்து பேசினார். தேர்வாளர்களில் ஒருவர், "குளியாளிகளோட முழுப் பட்டியல் உங்களுக்குத் தெரியும். ஒருத்தரை மட்டும் ஏன் விட்டீங்க?" என்று கேட்டார்.

"அவுக எங்க வீட்டுக்காரவுக சார்."

"அவர் முடிவு என்னன்னு தெரியுமா?"

"தெரியாது சார். அவுக காது அவுகளுக்குச் சொந்தம். எனக்குத் தரணும்னு தோணும்போது தருவாவ."

தேர்வாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அக்காவுக்குப் பின்னால், கதவோரத்தில் ஒரு சட்டை மட்டும் தெரிந்தது. யாரோ நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டார். தேர்ச்சி பெற்றதைச் சொல்லி நான் வாழ்த்தியதை அவர் காதில் வாங்கவில்லை. "நேத்து சாயந்திரம் அவுகளே சொல்லிட்டாவ மேடம். சின்னப்பிள்ள மாதிரி அழுதாவ" என்றார். நான் தயங்கி, அவரிடமிருந்து மறைத்ததற்குச் சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அவர் தடுத்துவிட்டார். "எனக்குத் தெரியும் மேடம். எப்பமோ தெரியும். எடது பக்கமா நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டாவ. வலது பக்கமா போயி நின்னுதான் பேசுவேன்."

"தெரிஞ்சும் கேக்கலையா அக்கா?"

"நான் கேட்டா அது பரிசோதன மேடம். அவுகளா சொன்னாத்தான பேச்சு."

அவர் கணவர் இப்போது குளிப்பதில்லை. அதே படகில் மேலே இருந்து காற்றுக் குழாயைக் கவனிக்கிறார். கீழே இருப்பவர்களின் இழுப்பை விரலிலேயே அறிந்துகொள்வாராம். அக்கா பட்டதாரி ஆனபிறகும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பரிசோதனையும் நிற்கவில்லை. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது அவர்களைப் பார்த்தேன். மூவரும் கடற்கரைச் சாலையில் நடந்தோம். அக்கா என்னோடு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார். நடுவில் கணவரிடம் ஒன்று சொல்ல நினைத்தவர், அவருக்குப் பின்னால் ஓரடி தங்கி, அந்தப் பக்கம் சுற்றிப் போய், அவருடைய வலது தோளருகே நின்றார். அப்படிச் சுற்றிப் போனது அவருக்கே தெரிந்திருக்காது.