ஐந்து நட்சத்திரம் போட்டவர்

சித்தூரில் புதிதாகத் திறந்த ஜிம்மில் ஓராண்டுச் சந்தா கட்டிய அன்றே, அதன் முதலாளி ஒரு பனியனை இனாமாகக் கொடுத்து, "போன்ல நம்ம ஜிம்மைப் பத்தி ரெண்டு வரி நல்லதா எழுதிப் போடுங்க" என்றார். ஒரு மெஷினையும் தொட்டுப் பார்க்காமலே, 'எல்லாம் புத்தம் புதுசு, நம்பிச் சேரலாம்' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

இரண்டாம் வாரமே டிரெட்மில் இரண்டும் நின்றுபோயின. ஒரு மாதமாகியும் யாரும் சரிசெய்யவில்லை. சந்தாவை ரத்து செய்யச் சொல்லி முதலாளியிடம் சண்டைக்குப் போனேன்.

"சேந்தா சேந்ததுதானுங்க" என்றார் அவர்.

வாளையாரில் சிமெண்ட் லாரி ஓட்டும் ஒருவர் எனக்குத் துணையாக வந்து நின்றார். "விடாதீங்க சார்! எவனோ ஒருத்தன் 'நம்பிச் சேரலாம்'னு எழுதியிருந்தானுங்க. அதைப் பாத்துத்தான் நானும் சேந்தேன். அவன் மட்டும் கையில சிக்கட்டும்!"

முதலாளி என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். லாரிக்காரரின் கை என் தொடை அளவு இருந்தது. முதலாளி வாயைத் திறக்கும் முன் நானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது.

"அது நானுங்க."

லாரிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பனியன் குடுத்தாங்களா?"

"ஆமாங்க."

"எனக்கும் குடுத்தாங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. "நானும் அஞ்சுதான் போட்டேனுங்க."

இருவரும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து நட்சத்திரத்தை ஒரே நட்சத்திரமாக மாற்றினோம். மறுநாள் காலை இரண்டு டிரெட்மில்லும் ஓடின. ரத்து செய்யக் காரணம் இல்லாமல் போனதால், அன்று முதல் நான் தினமும் ஓட வேண்டியதாகிவிட்டது.