காவினுக்கும் வலீமாவுக்கும் நடுவில் ஒரு பின்மூளை

போன வாரம் என் ராத்தாவோடு சண்டை பிடித்தேன். ஐம்பது வயதில் அக்கா தங்கைச் சண்டையா என்று கேட்பீர்கள். காரணத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்…

ராத்தாவின் மகள் பர்ஹானாவுக்குக் காவின் எழுதி, அதாவது நிக்காஹ் பதிந்து, நான்கு மாதம். வலீமா விருந்து மட்டும் பாக்கி. ஏன்? எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். அந்த வீட்டுக்கு இன்னும் டைல்ஸ் பதித்து முடியவில்லை. அதுவரை அவர் வெள்ளிக்கு வெள்ளி வந்து போவார். மார்க்கப்படி இருவரும் புருஷன் பெண்சாதி. ஊர்க் கணக்கில் மட்டும் இன்னும் கலியாணம் ஆகவில்லை!

இதற்கிடையில் பிள்ளையின் முகமெல்லாம் பரு. வலீமா போட்டோ அல்பம் என்னாவது? ராத்தா ஒரு தோல் டொக்டரை சனல் பண்ணி, காசு கட்டி நம்பர் எடுத்து, மகளைக் கூட்டிப் போனார். மாத்திரை எழுதுமுன் டொக்டர் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார் — கலியாணம் ஆகிவிட்டதா, பிள்ளை உண்டாகியிருக்க இடமுண்டா என்று. ராத்தா முந்திக்கொண்டு, கலியாணம் இன்னும் ஆகவில்லை என்றாராம். பக்கத்தில் இருந்தவளும் வாயைத் திறக்கவில்லை.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பர்ஹானா மாத்திரை அட்டையோடு என்னிடம் வந்தாள். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற சாச்சி அல்லவா நான்?

"சாச்சி, இதக் குடிக்கலாமா? எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு."

அட்டையைப் பறித்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பாமசியில் பரிசோதனைக் குச்சி வாங்கிப் பார்த்தோம். இரண்டு கோடு.

ராத்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து வகுப்பெடுத்தேன். வயிற்றில் இருக்கும் முளையத்துக்கு இந்த வாரங்களில்தான் பின்மூளை உருவாகத் தொடங்கும். நாளைக்கு மூச்சு விடுவதற்கும் பால் விழுங்குவதற்கும் அந்தப் பின்மூளைதான் வேண்டும். அங்குள்ள உயிர்க்கலங்கள் ஒன்றோடொன்று கதைத்துக்கொண்டே இருக்கும். நரம்பாக மாறப்போகும் கலம் பக்கத்துக் கலத்துக்குச் செய்தி சொல்லும்: நான் மாறுகிறேன், நீ கொஞ்சம் பொறு. எல்லாம் ஒரேயடியாக நரம்பாகிவிட்டால் பிறகு வளர்வதற்குக் கலமே மிஞ்சாது. தான் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் கலம் ஒரு செய்தியை வைத்துத்தான் அறியும். அந்தச் செய்தி ரெட்டினோயிக் அமிலம். விற்றமின் ஏ-யிலிருந்து உடம்பு அளந்து அளந்து செய்வது. இந்தப் பரு மாத்திரையும் அதே குடும்பம். உள்ளே போனால் அளவு குழம்பும். எந்தக் கலம் எங்கே நிற்கிறது, எதுவாக மாற வேண்டும் என்பதெல்லாம் குழம்பும். குழந்தை ஊனமாகலாம், தங்காமலே போகலாம்.

ராத்தா முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"அப்ப மாத்திரைய உட்டுருவம். வலீமா முடியட்டும், பொறகு கிளினிக்குக்குக் கூட்டிப் போவம். ஊர் என்ன கதைக்கும், புள்ள?"

எனக்கு வந்த ஆத்திரம்! ஹறாமான காரியத்தை மறைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஹலாலான பிள்ளையை மறைக்கப் பொய் சொல்லும் கூட்டம் எங்களைத் தவிர வேறு யார்? கண்ணுக்குத் தெரியாத கலம் பக்கத்துக் கலத்துக்கு உண்மையைச் சொல்கிறது. பெற்ற தாய் டொக்டருக்குச் சொல்ல மாட்டாராம்! டைல்ஸ் காயும்வரை பின்மூளை காத்திருக்குமா?

மறுநாள் காலை இருவரையும் நானே கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். வரிசை வாசல்வரை. பாதிப் பேர் எங்கள் தெருப் பெண்கள்தான். கிளினிக்கின் குடும்பநல மாது பதிவுக் கொப்பியை விரித்து, கலியாணம் எப்போது என்று கேட்டார். ராத்தா வாயெடுத்தார். பர்ஹானா உம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"காவின் எழுதி நாலு மாசம். வலீமா இன்னும் இல்ல. எனக்குப் புள்ள உண்டாகியிருக்கு," என்றாள், எல்லோருக்கும் கேட்க.

வரிசையில் ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊராம், ஊர்!