விளக்கு வைக்கிற நேரத்துச் சுருதி

சங்கீதத்தில் என்னுடைய இடம் எது என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தபோது பாட்டு மாஸ்டர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசைப்பா. ஆண்டவருக்குக் கேட்கும்" என்றார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் பூசை முழுக்க நான் பக்தியோடு அசைத்தேன்.

அதே குழுவில் வயலின் வாசித்த பெண்ணைத்தான் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டேன். என்னிடம் அப்படி என்னத்தைக் கண்டாய் என்று ஒருநாள் கேட்டேன். "அந்தக் கூட்டத்துல சுருதி பிசகாம நின்னது நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள்.

எழுபதுகளில் அவள் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். நான் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. தில்லை நகரில் ஒரு மாடி போர்ஷன். கோயில் பாட்டோடு நிற்காமல் அவள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வாத்தியாரிடம் கர்நாடக சங்கீதமும் கற்றுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வயலினோடு உட்கார்ந்தால் ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். சுருதிக்குத் துருத்தி வைத்த மரப்பெட்டி ஒன்று உண்டு. கையால் அழுத்தினால்தான் அது பேசும். வயலின் வாசிக்கிறவளுக்கு இரண்டு கையும் வேலையில் இருப்பதால், அழுத்துகிற கை என்னுடையது.

ஆபீஸில் தூங்காத நாட்களில் எனக்கு அங்கே தூக்கம் வந்துவிடும். நான் தூங்கினால் சுருதியும் தூங்கும். அவள் வில்லால் என் முழங்காலைத் தட்டுவாள். இப்படி நாலைந்து வருஷம் தட்டிப் பார்த்துவிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், இதை எலெக்ட்ரானிக்ஸில் செய்துவிடலாம் என்று அறிவித்தாள். பெரிய ஊர்களில் அப்படிப்பட்ட பெட்டி வந்திருப்பதாகக் கேள்வி. திருச்சிக் கடைகளில் கேட்டால் மேலும் கீழும் பார்த்தார்கள். சுயதொழில் தொடங்குகிறவர்கள் நாட்டுக்கு உழைக்க வேண்டும் என்ற ஆசையில் தொடங்குவார்கள் என்று பத்திரிகைகளில் படிக்கிறேன். என் மனைவி எனக்குப் பதில் ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத் தொடங்கினாள்.

முதல் பெட்டியை அவள் செய்தது என்னுடைய பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸில். புதிய டிபன் பாக்ஸ் அதற்குப் பக்கத்திலேயே இருந்ததால், ஒருநாள் நான் எதை எடுத்துக்கொண்டு போயிருப்பேன் என்று நீங்களே ஊகிக்கலாம். மத்தியானம் மூடியைத் திறந்தேன். தயிர்சாதம் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பும் சிவப்புமாக ஒயர். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் சண்டையா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

சங்கீதம் தெரியாதவர்களுக்காக, அதாவது என் கட்சிக்காரர்களுக்காக, அந்தப் பெட்டியின் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வருகிற கரண்டு விநாடிக்கு ஐம்பது தடவை போய்த் திரும்பும். பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த ஐம்பதைப் பிடித்து, வேண்டிய மடங்கு பெருக்கினால் வேண்டிய ஸ்வரம் கிடைக்கும். சுவரில் பிளக்கைச் செருகினால் போதும், அளவுகோல் இலவசமாக வருகிறது. பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஐம்பது ஐம்பது என்று சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த எண்ணின் மேல் சந்தேகமே வரவில்லை. வேதவாக்கு மாதிரி அதன் மேல் பெட்டியைக் கட்டினாள்.

பெட்டி அற்புதமாகப் பாடியது. காலையில், மத்தியானத்தில், எப்போது போட்டாலும் சுத்தம். கல்லூரியை நடத்திய மதரிடம் போய் ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு கேட்டாள். மதர் கொடுத்தார். ஜூனில் கல்லூரி திறக்கும்போது ஒன்று திரும்பி வர வேண்டும், இல்லை வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும், நடுவில் தொங்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. மாடி முன்னறையில் இரண்டு பெண்கள் பற்றவைக்க உட்கார்ந்தார்கள். சாம்பார் கொதிக்கிற வாசனையும் ஈயப் புகையும் கலந்து எங்கள் வீட்டுக்கென்று ஒரு மணம் வந்தது. திருகாணி முடுக்குவதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் என் இலாகா. முதல் டஜனில் பாதிக்கு ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டினேன்.

ஒரே ஒரு விஷயம் இடித்தது. சாயங்காலம் வாசிக்கும்போது பாதியில் வயலின் தானாகவே சுருதி ஏறிவிடும். தந்திகள் சாதாரணமாக இறங்கும், ஏறுவது அதிசயம். காவேரிக் காற்றின் ஈரத்தில் மரம் உப்புகிறது என்று சொல்லி முறுக்காணியைத் தளர்த்திக்கொள்வாள். நான் உடனே ஜன்னலைச் சாத்துவேன். என்னால் முடிந்த ஆராய்ச்சி அது.

மே மாதம் ஒரு சந்தர்ப்பம் வந்தது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு சபா. பெரிய வித்வான் ஒருவரின் கச்சேரி. அறுபதைத் தொட்டவர், ஆனால் குரல் வெண்கலம். அவருக்கு வயலின் பக்கவாத்தியம் என் மனைவியின் வாத்தியார். அவர் சிபாரிசில் தம்பூராவுக்குப் பதில் எங்கள் பெட்டியை மேடையில் வைக்கச் சம்மதித்தார்கள். நன்றாக அமைந்தால் மற்ற சபாக்களுக்கும் சொல்வதாகக் காரியதரிசி வாக்களித்திருந்தார். அப்படி நடந்தால் மதரிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் ஜூனில் ஆய்வகச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஐந்தரைக்குக் கச்சேரி ஆரம்பம். முதல் அரைமணி தேவலோகம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். விளக்கு வைக்கிற நேரம் வந்தது. தெருவிளக்கு எரிந்தது, கடைகளில் எரிந்தது, ஊரெல்லாம் எரிந்தது. அதற்குக் கொஞ்ச நேரத்தில் மிருதங்க வித்வான் கல்லை எடுத்து விளிம்பில் தட்டினார். மறுபடியும் தட்டினார். வயலின் வாத்தியார் முறுக்காணியைத் தொட்டார். பாடகர் ஒருமுறை கண்ணைத் திறந்து மிருதங்கத்தைப் பார்த்தார். நான் இதையெல்லாம் கச்சேரியின் அங்கம் என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ரசிக்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

முடிந்ததும் காரியதரிசி எங்களைத் தேடி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மெஷின் அப்பழுக்கில்லாம இருந்ததும்மா. மனுஷாளுக்குத்தான் வயசாறது" என்றார். மூன்று சபாக்களுக்கு அன்று ராத்திரியே எழுதிவிடுவதாகவும் சொன்னார். நான் காவேரிப் பாலத்தில் ஸ்கூட்டரை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினேன்.

மறுவாரம் அவளுடைய வாத்தியார் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை. அன்று பாடிய பெரியவர் குரல் இறங்கிவிட்டது என்று ஸ்ரீரங்கம் முழுக்கப் பேச்சாம். ஊர் பேசினால் பேசட்டும், பெரியவரே அதை நம்பிவிட்டாராம். திருவானைக்காவலில் ஒப்புக்கொண்டிருந்த அடுத்த கச்சேரியை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். "தொண்டை இறங்கினதைக்கூடப் பொறுத்துக்கலாம். இறங்கறதே தெரியலையேடா, காதும் போயிடுத்துன்னு அர்த்தம்" என்று வாத்தியாரிடம் சொல்லி அழுதாராம்.

வாத்தியார் போனதும் அவள் பெட்டியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் ஒரு கணக்கு கேட்டாள். அவர் குரல் இறங்கியிருந்தால் பெட்டியோடு சண்டை வந்திருக்க வேண்டும், வந்ததா? எனக்கு எப்படித் தெரியும் என்றேன். வரவில்லை என்று அவளே பதிலும் சொன்னாள். கடைசிவரை இரண்டும் ஒட்டியே இருந்தன. மிருதங்கம் மட்டும் தனியாக மேலே நின்றது. அப்படியானால்?

கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஓர் இசைக்கவையை இரவல் வாங்கி வந்தாள். தட்டினால் ஒரே ஒலி தருகிற இரும்புக் கவை, பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு மழையும் வெயிலும் ஒன்று, கரண்டும் வேண்டாம். மத்தியானம் பெட்டியை அதோடு சேர்த்து வைத்தாள். இரண்டும் ஒன்றாகக் கரைந்து நின்றன. பெட்டியைத் தொடாமல் சாயங்காலம் வரை காத்திருந்தோம். தட்டுவதற்கு மெத்தென்று ஏதாவது வேண்டும் என்பதால் என் முழங்காலில் தட்டினாள். அந்த முழங்காலுக்குப் பழக்கம்தான்.

தெருவிளக்கு எரிந்தது. கவையைத் தட்டிப் பெட்டியருகே பிடித்தாள். இரண்டு ஒலிக்கும் நடுவே வங்... வங்... என்று ஒரு துடிப்பு. போகப்போகத் துடிப்பு வேகமானது. அது எனக்கே கேட்டது. எனக்கே கேட்டது என்றால் எவ்வளவு பெரிய பிசகு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரெல்லாம் ஒரே நேரத்தில் விளக்குப் போட்டால், பாரம் கூடின வண்டிமாடு மாதிரி கரண்டின் நடை தளர்கிறது. ஐம்பது ஐம்பதாக இருப்பதில்லை. நடை தளர்ந்தால் பெட்டியின் சுருதியும் மெதுவாகக் கீழே போகும். பிடித்துக்கொண்டு பாடுகிறவர் கூடவே இறங்குவார், படகில் உட்கார்ந்தவனுக்கு ஆறு ஓடுவது தெரியாத மாதிரி. எங்கள் வீட்டு வயலின் ஒருநாளும் ஏறவில்லை. காவேரிக் காற்றின் மேல் வீண் பழி. ஜன்னலை நான் சாத்தியதெல்லாம் வீண் புழுக்கம்.

இந்த இடத்தில் குடும்பத்தலைவன் என்ற முறையில் நான் ஒரு யோசனை சொன்னேன். பெட்டியை யாரும் குறை சொல்லவில்லை. சத்தம் போடாமல் சரி செய்து, சத்தம் போடாமல் விற்கலாம். சபாக்காரர்கள் எழுதிக் கேட்கிற நேரத்தில் நம் வாயாலேயே நம் சரக்கைப் பழிப்பானேன்? பெரியவருக்கு வயதும்தான் ஆகிறது.

அவள் கோபப்படவில்லை. கவையைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"பாடுறவங்களுக்குக் காதுதாங்க உசுரு. அவர் காதை நான் எடுத்துட்டு வந்துட்டேன். திருப்பிக் குடுத்துட்டு வரணும்."

மறுநாள் பெட்டியையும் கவையையும் வயர்கூடையில் வைத்துக்கொண்டு உத்தர வீதியில் அவர் வீட்டுக்குப் போனோம். விளக்கு வைப்பதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும் என்று துரத்தினாள். பெரியவர் வாங்கோ என்றார். தொண்டையில் பருத்தித் துணி சுற்றியிருந்தது. இவள் விளக்கம் எதுவும் சொல்லாமல் பெட்டியைப் போட்டுக் கவையைத் தட்டிக் காட்டினாள். இந்தத் தடவை தன் முழங்கையில் தட்டிக்கொண்டாள், சபை நாகரிகம். இரண்டும் ஒன்றாக இருந்தன. பிறகு சும்மா உட்கார்ந்திருந்தோம். அவர் வீட்டு மாமி காபி கொடுத்தார். தெருவில் விளக்கு எரிந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினாள்.

பெரியவர் நிமிர்ந்தார். கவையைக் கையில் வாங்கித் தானே தட்டினார். கண்ணை மூடினார். இன்னொரு தரம் தட்டினார்.

"அப்போ அன்னிக்கு இறங்கினது?"

"ஊரோட கரண்டுங்க ஐயா. நீங்க இல்லை. நகருற சுருதியை ஒரு மணி நேரம் முடி அளவு பிசகாமப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்கீங்க. அந்தக் காது யாருக்கும் வராது. தப்பு என் பெட்டியோடது. சபாவுலயும் சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போகப்போறேன்."

அவர் தொண்டைத் துணியை மெதுவாக அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். உள்ளே பார்த்து, "கேட்டியோடி?" என்று மாமியைக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரல் வெண்கலமாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, இந்தப் பெட்டியை விற்பதற்கு முன்னால் சாயங்காலத்தில் யார் கேட்டுப் பார்த்தது என்று விசாரித்தார். நான் கையைத் தூக்கினேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்:

"இன்னொண்ணு பண்ணிண்டு வாங்கோ. ஆனா இவரைக் கேக்கவிடாதீங்கோ. நான் கேக்கறேன்."

சபாவில் சொன்னாள். காரியதரிசி எழுதிய கடிதங்களுக்குப் பின்னாலேயே, பொறுத்திருக்கவும் என்று இன்னொரு கடிதமும் போனது. அதற்கப்புறம் ஒரு வருஷம் எங்களைப் பார்த்தால் அவர் பார்வை கோபுரத்துக்குப் போய்விடும். முன்னறைப் பெண்கள் இருவரும் வேலை உண்டா இல்லையா என்று கேட்காமல் தினமும் வந்து உட்கார்ந்தார்கள். ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது.

கரண்டை நம்பாத ஓர் அளவுகோல் வேண்டும். குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கிற சின்னக் கல்லின் துடிப்பு மாறாது, அது போதும் என்றாள். தனியாக வாங்க மெட்ராஸுக்கு எழுதினால் வர ஒரு மாதம் ஆகும். திருச்சியில் அப்போது எங்களுக்குத் தெரிந்து ஒரே ஒரு குவார்ட்ஸ் கடிகாரம் இருந்தது. என் மைத்துனன் துபாயிலிருந்து கொண்டுவந்தது, என் இடது கையில் இருந்தது. ஆபீஸில் அதைக் காட்டுவதற்காகவே நான் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. காபி கொடுக்கும்போதெல்லாம் மணி என்ன என்று மட்டும் கேட்டாள். மூன்றாவது காபியில் நான் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

கல்லூரி திறப்பதற்கு முந்தைய நாள் புதிய பெட்டியோடு உத்தர வீதிக்குப் போனோம். விளக்கு வைக்கிற நேரத்தில் பெரியவர் அதை வைத்துக்கொண்டு பாட உட்கார்ந்தார். இவளும் வயலினை எடுத்துக்கொண்டாள். தெருவிளக்கு எரிந்தது. ஊரெல்லாம் எரிந்தது. முறுக்காணியை அவள் தொடவே இல்லை. நடுவில் ஒருமுறை பெரியவர் கவையைத் தட்டினார், சிரித்தார், மேலே பாடினார். திருவானைக்காவல்காரர்களுக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பப்போவதாகவும், இந்தப் பெட்டியும் கூட வரும் என்றும் எழுந்திருக்கும்போது சொன்னார்.

பாலம் தாண்டியதும், வீட்டுக்கு வேண்டாம், கல்லூரிக்குத் திருப்புங்கள் என்றாள். நான் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றேன். அவள் உள்ளே போய்ச் சீக்கிரமே திரும்பி வந்தாள், இசைக்கவையை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு. பின்னாலேயே மதரும் கேட் வரைக்கும் வந்தார். என்னைப் பார்த்து, வேலையை விடுவதில் உங்களுக்கும் சம்மதம்தானா என்று கேட்டார்.

"கடிகாரத்தையே குடுத்துட்டேன் மதர்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. இடது கையை நீட்டிக் காட்டினேன். மணிக்கட்டில் வெயில் படாத வெள்ளைப் பட்டை ஒன்றுதான் இருந்தது.