ஒரு புகார், மூன்று வடிவம்

இணையதளம் செய்து கொடுப்பவனுக்குத் திருப்பூரில் இரண்டு பெயர்கள் உண்டு: எல்லாம் ஓடும்போது 'அந்தத் தம்பி', ஓடாதபோது 'அவனக் கூப்பிடு'. பத்து வருஷமாக இந்த இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாராவது இந்தப் பிழைப்பில் இருந்தால், இதைப் படிக்கும்போது பாதி இடங்களில் தலையாட்டுவீர்கள். இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான் செய்வது இதுதான். கம்பெனியைப் பற்றிய விஷயத்தை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் ஒரே ஒரு தடவை எழுதி வைக்க வேண்டும். ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்கிற மென்பொருள் அந்தக் கோப்பைப் படித்து, கேட்ட வடிவத்திலெல்லாம் எடுத்துத் தரும். மனிதர்கள் பார்க்க அழகான பக்கம், நோட்டீஸ் போர்டில் ஒட்ட அச்சுப் பிரதி, வேறொரு கம்ப்யூட்டர் படிக்க, பிராக்கெட்டும் எழுத்துமாக இருக்கிற ஜேசன் (JSON) கோப்பு. ஒரே துணி ரோலில் டி-ஷர்ட்டும் வெட்டலாம், குழந்தை ஜட்டியும் வெட்டலாம் என்கிற மாதிரி. எந்த விஷயம் எந்தெந்த வடிவத்தில் வெளிவர வேண்டும், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதி வைப்பது என் வேலை. எழுதுவது கொஞ்சம் வரிகள்தான். அதில் ஒரு வரியால் ஒருத்திக்கு வேலை போனது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மண்டபத்தில் திறந்த பக்கம்

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. எல்லாம் ஏற்றுமதி. முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' போடாமல் பேச மாட்டார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர், உங்கள் சரக்குப் பட்டியலை எங்கள் கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி ஜேசனில் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். செய்தேன். பக்கத்தின் லிங்க், ஜேசனின் லிங்க் இரண்டையும் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எது எது என்று எழுதாமல் அனுப்பியது என் தப்பு.

அன்று அவர் ஒரு கல்யாணத்தில் இருந்திருக்கிறார். மகளைக் கொடுத்த வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பெருமையாகத் திறந்து காட்டியது ஜேசனை. சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "ஏனுங் தம்பி, சம்மந்திகிட்ட நம்ம கம்பெனியப் பாருங்கன்னு போனக் குடுத்தேனுங்க. பூரா பிராக்கெட்டா வருதுங்க. அவரு கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் பாத்துட்டு, நல்லாருக்குதுங்கன்னு சொல்லிக் குடுத்துட்டாருங்க."

லீவு நாளில் வந்த பஸ்

அடுத்தது சிரிக்கிற விஷயமில்லை. ஆர்டர் குறைந்தால் அந்தக் கம்பெனியில் வாரத்தில் ஒரு நாள் வேலை இருக்காது. எந்த நாள் என்பதை ஹெச்.ஆர். சுமதி மேடம் கோப்பில் எழுதுவார். அச்சுப் பிரதி தானாக வரும். கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி அதைப் பிரிண்ட் எடுத்து போர்டில் ஒட்டுவார். பையர் கேட்டார்கள் என்று இந்த அறிவிப்புக்கும் ஜேசன் சேர்க்கப் போனேன். செட்டிங்ஸில் 'பக்கம், ஜேசன்' என்று எழுதினேன். அச்சுப் பிரதிதான் எல்லாக் கோப்புக்கும் சேர்த்து எழுதிய பொதுப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதே, அது பாட்டுக்கு வரும் என்று நினைத்தேன். வராது. நாம் தனிப் பட்டியல் எழுதிவிட்டால் பொதுப் பட்டியலை மென்பொருள் திரும்பியும் பார்க்காது. எர்ரர் என்று ஒன்று காட்டினாலாவது தெரியும், அதுவும் இல்லை. இந்த வாரம் லீவு நாள் மாறியிருந்தும், போன வாரத்து அச்சுப் பிரதி சர்வரில் அப்படியே கிடந்தது. செக்யூரிட்டி அதையே எடுத்து ஒட்டிவிட்டார்.

குன்னத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து, பூட்டிய கேட் முன்னால் இறக்கிவிட்டார்கள். நடந்து வந்தவர்கள் வேறு. எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஐம்பது பேருக்கு மேல் டிபன் பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடியில் செக்கிங் பார்க்கிற முத்துமாரி என்கிற பெண், சாத்தூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், "இந்த நோட்டீஸ் யாரு போடுதது" என்று கூட்டத்தில் கேட்டாள். நான்தான், தப்பு என்னுடையதுதான் என்றேன். திட்டு விழும் என்று தயாராக நின்றேன். அவள் டிபன் பாக்ஸைக் கை மாற்றிக்கொண்டாள். "தப்புன்னு வாயத் தொறந்து சொன்னீகள்லண்ணே, அது போதும். இங்க யாரும் அதச் சொல்ல மாட்டாக."

பெயர் வேண்டும், தெரியக் கூடாது

இரண்டு மாதம் கழித்து பையரிடமிருந்து புது நிபந்தனை வந்தது. தொழிலாளர் கொடுக்கிற புகார்களையும், அதற்கு என்ன செய்தீர்கள் என்பதையும் இணையதளத்தில் போட வேண்டும். சுமதி மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு கோப்பு. பெயர், டோக்கன் நம்பர், புகார், நிலை. நிலை என்கிற இடத்தில் 'சரிசெய்யப்பட்டது' என்று முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடச் சொன்னார். முடியாத புகார் ஒன்று இருந்தாலும் பையர் அனுப்புகிற ஆடிட்டர் கேள்வி மேல் கேள்வி கேட்பாராம். நிரப்பி வைத்தேன். அப்போது எனக்கு அது உறுத்தவே இல்லை.

மூன்றாவதாக வந்த புகார் முத்துமாரியுடையது. இரண்டாம் மாடியின் பின்பக்கப் படிக்கட்டுக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், முன்னால் அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள், தீப்பிடித்தால் மாடியில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே படியில்தான் இறங்க வேண்டும். இவ்வளவுதான் எழுதியிருந்தாள். தைத்த பீஸை யாராவது அந்த வழியாகத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து பூட்டியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டது அவள் ஒருத்திதான். அந்தக் கோப்பை எனக்கு அனுப்பும்போது சுமதி மேடத்தின் குரல் இறங்கியிருந்தது. "பேரில்லாத புகார ஆடிட்ல ஒத்துக்க மாட்டாங்க தம்பி. பேரு வெளிய தெரிஞ்சா அந்தப் புள்ள இங்க வேல செய்ய முடியாது. ரெண்டையும் பாத்துச் செய்யுங்க."

ஒரே வரியில் முடித்த வேலை

பார்த்துத்தான் செய்தேன், இரண்டு வடிவத்தில். பக்கத்துக்கும் அச்சுப் பிரதிக்கும் எது எது தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். பெயரையும் டோக்கன் நம்பரையும் விட்டுவிட்டேன். மூன்றாவது ஜேசன். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று பையர் ஆபீஸிலிருந்து மெயில் வந்திருந்தது. கம்ப்யூட்டர்தானே படிக்கப் போகிறது, எந்த மனிதன் இதைத் திறந்து பார்ப்பான் என்று, கோப்பில் இருப்பதையெல்லாம் கொட்டு என்கிற அர்த்தத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன். பிராக்கெட்டெல்லாம் ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அது பச்சை காட்டியது. எனக்கு வேலை சீக்கிரம் முடிந்த சந்தோஷம். டீ குடிக்கப் போனேன்.

பையரின் கம்ப்யூட்டர் அந்த ஜேசனை எடுத்தது, அழகாகக் கட்டம் போட்டது, வாராந்திர மெயிலாகக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பியது. அந்த மெயில் போகிற பட்டியலில் ஃப்ளோர் மேனேஜரும் இருந்தார். பின்பக்கக் கதவைப் பூட்டச் சொன்ன ஆள் அவர்தான். கட்டத்தில் முதல் கட்டமே பெயர், இரண்டாவது டோக்கன் நம்பர். சனிக்கிழமை வேலை முடிந்து போகும்போது முத்துமாரியைக் கூப்பிட்டு, திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம், தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம் என்றிருக்கிறார். காண்ட்ராக்ட் ஆள் என்பதால் அவளுக்குக் கடிதம்கூடக் கிடையாது. சுமதி மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜேசனைத் திறந்து பார்த்தேன். என் வரி, என் கட்டளை, அவள் பெயர். ஃப்ளோர் மேனேஜரிடம் போய் இது நியாயமா என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நாங்களாங்க தேடிப் போனோம்? உங்க சைட்டே பேரும் நம்பரும் போட்டு அனுப்புச்சுதுங்க."

காணாமல் போன கட்டம்

திருத்த ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெயரையும் நம்பரையும் ஜேசனிலிருந்து எடுத்தேன். மறுநாள் பையரின் பெங்களூர் ஆபீஸிலிருந்து ஒருவர் பேசினார். பெயர்க் கட்டம் காணோம் என்று அவர்கள் கம்ப்யூட்டர் மொத்தக் கோப்பையும் தள்ளிவிட்டதாம். நடந்ததைச் சொன்னேன். ஏற்கெனவே வாங்கிய பழைய கோப்பையாவது அழியுங்கள் என்றேன். ஆடிட்டுக்காகச் சேமித்ததை அழிக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம். பெயர் இருந்த இடத்தில் 'தரப்படவில்லை' என்று போட்டுத் திரும்ப அனுப்பினேன். அவர் குரலில் நிஜமாகவே நிம்மதி தெரிந்தது. "இப்ப பச்சை வந்துருச்சு சார். தேங்க்ஸ் சார்."

முதலாளி அறையில்

நேராக முதலாளியிடம் போனேன். என் தப்பால் ஒரு பெண்ணுக்கு வேலை போயிருக்கிறது, அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், என்னை வேண்டுமானால் நிறுத்திவிடுங்கள் என்றேன். வீரம் எல்லாம் இல்லை. அவர் காபி வரவழைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். "தப்பு உங்களுதுங்க. ஆளு எங்களுதுங்க. ரெண்டையும் போட்டுக் கலக்காதீங்க."

லைன் வீட்டில்

முத்துமாரி குடியிருந்தது கம்பெனிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, வரிசையாக எட்டு அறை உள்ள லைன் வீட்டில் ஒரு அறை. போக எனக்குப் பத்து நாள் ஆனது. தினமும் வண்டியை அந்தப் பக்கம் ஓட்டிப் போய், இறங்காமலே திரும்பியிருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. அவள் வாசலில் உட்கார்ந்து கூலிக்கு வாங்கிய பீஸில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். வேறு இரண்டு கம்பெனியில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். 'புகார் குடுத்த பொண்ணா' என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஃப்ளோர் மேனேஜரிடம் பெயரைச் சொன்னது சுமதி மேடம்தான் என்று நினைத்து, அவரை நடுத்தெருவில் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறாள். சொன்னது மேடம் இல்லை, நான் என்றேன். எப்படி நடந்தது என்று விவரமாகச் சொன்னேன். ஜேசன், கட்டம், ஒரே வரி, எல்லாம். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.  

பேர் இப்போது இல்லை, எடுத்துவிட்டேன் என்று சொல்லி, நம்பிக்கைக்காகப் போனில் அந்தப் புகாரைத் திறந்து காட்டினேன். அவள் போனைக் கையில் வாங்கி எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். பின்பக்கப் படிக்கட்டு, பூட்டு, அட்டைப் பெட்டி, அதற்குக் கீழே நிலை: சரிசெய்யப்பட்டது. இதை யார் எழுதியது என்று கேட்டாள். நான்தான், புகார் வருவதற்கு முன்னாலேயே எழுதி வைத்தது என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்தாள். "பேர எடுத்தது சரிண்ணே. பூட்ட எடுத்தாகளா? மேல அம்புட்டுப் பேரு இருக்காகளே."

அன்றைக்கே கோப்பில் அந்த ஒரு சொல்லை 'சரிசெய்யப்படவில்லை' என்று மாற்றினேன், மூன்று வடிவத்திலும் மாறியது. மூன்றாம் நாள், நான் உள்ளே போக முடியாதபடி அந்தத் தளத்துக்கான என் பாஸ்வேர்டும் மாறியது, பூட்டு மட்டும் மாறவில்லை.