ஒன்று மிஞ்சிய எண்

காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்ததும், சட்டைக்குக் காலர் தைக்கும் காலர்க்காரியின் உதடுகள் அசையும். அந்தத் தையல் கூடத்தில் எல்லோரும் பல வருஷமாகப் பார்த்துவரும் பழக்கம் அது.

"என்னடி, ஊசிகிட்ட மட்டும் ரகசியம்? எங்ககிட்ட சொன்னா ஆகாதா?" என்பாள் பக்கத்தில் பட்டன் தைக்கும் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

மிஷின் தகட்டில் 510510 என்று பொறித்திருந்தது. அதை அவள் மனதுக்குள் இரண்டால், மூன்றால், ஐந்தால், ஏழால், பதினொன்றால், பதிமூன்றால், பதினேழால் வகுப்பாள். எதிலும் மீதி வராது. மூன்று இலக்கம் அப்படியே திரும்பி வருகிற எண்ணில் ஏழும் பதினொன்றும் பதிமூன்றும் எப்போதும் போகும் என்று அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். வகுத்து முடித்தால்தான் நூல் கோக்கக் கை வரும்.

விளையாட்டுக்குச் செய்யவில்லை. அவள் அம்மாவுக்கு மறதி கணக்கில்தான் தொடங்கியது. எட்டும் ஏழும் எவ்வளவு என்று கேட்டாள், பிறகு அடுப்பை அணைக்க மறந்தாள், இப்போது மகளைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்கிறாள். அம்மாவுக்கு அது தொடங்கிய வயது காலர்க்காரிக்கும் நெருங்கிக்கொண்டிருந்தது.

போன மாதம் மிஷின் பழுதாகிவிட்டது. மெக்கானிக் வேறு மூலையிலிருந்து ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டார். தகட்டில் 510511.

"அக்கா தங்கச்சிதாம்மா ரெண்டும். ஒரு வித்தியாசமும் தெரியாது."

ஏழால் வகுத்தாள்; மீதி. பதினொன்றால், மீதி. ஒன்றிலும் போகவில்லை. எண் மாறியது தெரியும். ஆனாலும் இவ்வளவு பெரிய எண்ணில் ஒன்றுகூடவா போகாது? நான்தான் தப்பாகப் போடுகிறேனோ? தைத்த காலர் கோணிக்கொண்டது. மறுநாள் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பி ஓடினாள். அணைத்துத்தான் இருந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே?" என்றாள் பட்டன் அக்கா.

அன்றைக்குத்தான் காலர்க்காரி முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள்.

"வகுத்தா என்ன மிஞ்சுது?"

"ஒண்ணு."

"அடுத்ததுல?"

"ஒண்ணு. எல்லாத்துலயும் ஒண்ணுதான்க்கா."

"மூளை கழண்டிருந்தா நேரத்துக்கு ஒண்ணு வரும்டி. உனக்குப் பிசகாம அதே வருது. என்னைக் கேளு, இப்ப எட்டும்பேன், அப்புறம் பத்தும்பேன்."

காலர்க்காரி ஊசியை நிறுத்தினாள். பழைய எண்ணோடு ஒன்று கூடியிருக்கிறது. அதில் சரியாகப் போனதெல்லாம் இதில் ஒன்றை மிச்சம் வைத்துத்தானே தீரும்! இத்தனை நாளும் பதினேழோடு நின்றவள், பத்தொன்பதை எடுத்தாள். மீதியில்லை; ஈவு 26869.

"போயிடுச்சுக்கா!" என்று அவள் கத்தியதில் கூடமே திரும்பிப் பார்த்தது.

அம்மா இன்றைக்கும் யார் வீட்டுப் பெண் என்றுதான் கேட்கிறாள். அடுப்புக்காகக் காலர்க்காரி பாதி வழியில் திரும்பி ஓடுவதும் நிற்கவில்லை. 26869-ஐ எண்பத்தொன்பது வரைக்கும் வகுத்துப் பார்த்துவிட்டாள். இன்னும் எதிலும் போகவில்லை. நாளைக்குத் தொண்ணூற்றேழு.